உங்க அம்மா நேத்து என்ன சாப்பிட்டாங்க?

ஒரு குட்டி டெஸ்ட். சிலபஸ் எல்லாம் கிடையாது, பயப்படாதீங்க!

நேத்து ராத்திரி நீங்க என்ன சாப்பிட்டீங்க? டக்னு சொல்லிடுவீங்க. உங்க ரூம்மேட்? அதுவும் தெரியும். பாதி அவங்க தட்டுல இருந்து நீங்க சுட்டதுதானே! சரி... உங்க அம்மா நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டாங்க? எத்தனை மணிக்கு?

முழிக்கிறீங்கல்ல? போன மே மாசம் நானும் இப்படித்தான் முழிச்சேன்.

நான் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம், மெக்கானிக்கல். (ஆமா, கிளாஸ்ல மொத்தமே நாலு பொண்ணுங்கதான்!) ஊர், சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற வழியில் ஒரு கிராமம். அம்மா பட்டாசு ஆலையில் பேக்கிங் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினாங்க, இப்போ வேனில் போய் வெடிப்பெட்டி அடுக்குறாங்க. எங்க பக்கம் பாதி வீடுகளின் கதை இதுதான்.

செமஸ்டர் லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலர் அக்கா, தோளில் பையோடு வீட்டுக்கு வந்தாங்க. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கின அரசுத் திட்டம். வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்ப்பாங்க. அம்மா, 'எனக்கு எதுக்குக்கா?' என்று நழுவப் பார்த்தாங்க. நான்தான் பிடிச்சு உட்கார வெச்சேன். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். மெஷினில் நம்பர் வந்தது.

248.

அம்மாவுக்கு வயசு 44. ஆள் ஒல்லி. ''மெஷினு தப்பாக் காட்டுது. நான் என்ன ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையா தெனம் திங்கேன் தாயி?''ன்னு சிரிச்சாங்க. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் பார்த்தப்போ 171. சிரிப்பு நின்னுபோச்சு.

பால்கோவா திங்கலைதான். அப்போ வேற என்னதான் சாப்பிட்டாங்க? எனக்குத் தெரியலை. பதினெட்டு வருஷம் அவங்க சமைச்சதைச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, அவங்க சாப்பிட்டது தெரியலை!

நர்ஸுகளிடம் 61 கேள்விகள்

கூகுளில் தேட ஆரம்பிச்சப்போ ஒரு சூப்பர் கதை மாட்டியது.

1976-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி தொடங்கியது. ஹார்வர்டைச் சேர்ந்த டாக்டர் ஃப்ராங்க் ஸ்பைசர் ஆரம்பிச்சது. கருத்தடை மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிட்டால் பெண்களுக்கு என்ன ஆகும் என்பதுதான் அப்போதைய கேள்வி. இதற்காக 11 மாநிலங்களில் இருந்து 1,21,700 நர்ஸுகளைச் சேர்த்தாங்க. ஏன் நர்ஸ்? உடம்பைப் பற்றிய கேள்விக்குத் தப்பில்லாமல் பதில் எழுதுவாங்க. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தபாலில் கேள்வித்தாள் போகும், பதில் வரும். அவ்வளவுதான் டெக்னிக்.

1980-ல் வால்டர் வில்லெட் என்ற ஆராய்ச்சியாளரின் முயற்சியில் புதுசா ஒரு தாள் சேர்ந்தது. 61 உணவுகளின் பட்டியல். 'இதை எவ்வளவு அடிக்கடி சாப்பிடுகிறீர்கள்?' மாசத்துக்கு ஒருதரமா, வாரத்துக்கு நாலு தரமா, தினமுமா?

கேட்கச் சாதாரணமா இருக்கு இல்லையா? ஆனால், ஆயிரக்கணக்கான பெண்களை வருடக்கணக்கில் விடாமல் கேட்டபோது, வெளியே வந்தது சாதாரணமில்லை. 1993-ல், வனஸ்பதி மாதிரி கெட்டிப்படுத்திய எண்ணெயில் இருக்கும் 'டிரான்ஸ்' கொழுப்பு பெண்களின் இதயத்துக்கு ஆபத்து என்று இந்த நர்ஸுகளின் பதில்கள் காட்டின. அமெரிக்கா அதற்குத் தடை கொண்டுவந்தது 2015-ல் முடிவாகி 2018-ல் அமலுக்கு வந்தது. நம் நாட்டிலும் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் கூடாது. எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன எங்க விருதுநகர் வரைக்கும் அந்த நர்ஸுகளின் பேனா எட்டிப் பார்த்திருக்கு!

2001-ல் வந்தது இன்னொரு முடிவு. 84,941 நர்ஸுகள், 16 வருடம். அவர்களில் புதிதாக சுகர் வந்தவர்களின் கணக்கைப் பார்த்தால், 91 சதவிகிதத்துக்குக் காரணமாகச் சொல்லக்கூடியவை உணவு, உடற்பயிற்சி, எடை, சிகரெட், மது ஆகிய ஐந்து விஷயங்களில் இருந்த பழக்கங்கள்தான். அதாவது பத்தில் ஒன்பது, தலையெழுத்து இல்லை!

இதில் எனக்குப் பிடிச்சது ஒரு விஷயம். அந்த ஆராய்ச்சி யாரிடமும், 'நேத்து பிறந்தநாள் கேக் சாப்பிட்டியா?' என்று கேட்கவில்லை. 'வருஷக்கணக்கா எப்படிச் சாப்பிடுறே?' என்றுதான் கேட்டது.

ஏழு நாள், ஏழு தாள்

நம்ம வீட்லயும் கேட்டுப் பார்ப்போமேன்னு ஒரு நோட்டு எடுத்தேன். ஏழு நாள். அம்மா வாயில் போடுற எல்லாத்தையும் எழுதணும். ''எனக்கும் பரீட்சையா?''ன்னு அலுத்துக்கிட்டாலும் ஒத்துக்கிட்டாங்க.

அம்மாவின் நாள் நாலரைக்குத் தொடங்குது. சர்க்கரை போட்ட டீ. சமையல், தண்ணி, தம்பிக்கு டிபன் பாக்ஸ், அப்பாவுக்குத் தூக்குவாளி. ஏழு மணிக்கு ஆலை வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது அம்மா இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. டப்பாவில் அடைச்ச சோறுதான் காலைக்கும் மதியத்துக்கும். சாயங்காலம் டீ, கூட வடை அல்லது ஒரு கை காரச்சேவு (சாத்தூர்ப் பக்கம் பிறந்துட்டு காரச்சேவு இல்லாமலா!). ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் ஒதுங்கின பிறகு, சட்டியில் மிச்சம் என்ன இருக்கோ அது. பெரும்பாலும் சோறு, குழம்பின் அடி, ஊறுகாய்.

ஏழாம் நாள் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 21 வேளை.

சோறு, இட்லி, தோசை என்று அரிசியாகவே போனது 19 வேளை. ஒரு வேளை பட்டினி. சனிக்கிழமை சம்பள நாள், அப்பா வாங்கி வந்த பொரிச்ச பரோட்டா ஒரு வேளை. கீரை ஒரே ஒரு நாள். பழம் பூஜ்யம். முட்டை பூஜ்யம். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பில் கழுத்துத் துண்டு இரண்டு. டீ 22 தடவை, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. பெருக்கிப் பாருங்க, 44 ஸ்பூன். கிட்டத்தட்ட 200 கிராம்! பால்கோவாவே வேண்டாமே?

கடைசி வரி எழுதும்போதுதான் கை நின்னது. 'வீட்டில் கடைசியாகச் சாப்பிட்ட நாட்கள்: 7.'

முட்டையைப் பற்றிக் கேட்டேன். ''முட்டை தம்பிக்கு. வளர்ற புள்ள. எனக்கெதுக்கு?''ன்னாங்க. தம்பிக்குப் பள்ளிக்கூடத்திலேயே சத்துணவில் முட்டை போடுறாங்க. வீட்லயும் அவனுக்கே! தட்டில் விழாத முட்டைக்கு யாரும் கணக்குக் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை.

காமெட் விமானமும் கணையமும்

'தினமும் அதே சோறுதானே, நாள் முழுக்க வேலை வேற செய்றாங்க, இதுல என்ன வந்துடப் போகுது?' என்று தோணும். எங்க 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பேப்பரில் இதுக்குப் பதில் இருக்கு. பேரு 'ஃபேட்டிக்'. உலோகச் சோர்வு.

ஒரு இரும்புக் கம்பியை ஒரே இழுப்பில் உடைக்கணும்னா பெரிய சுமை வேணும். ஆனால், அதில் பாதி சுமையைக்கூடத் திரும்பத் திரும்ப லட்சம் தடவை கொடுத்தால் ஒரு நாள் பட்டென்று உடையும். உடையும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே மட்டும் மயிரிழை விரிசல் ஓடிக்கிட்டே இருக்கும். 1954-ல் 'காமெட்' ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறியதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு தடவை மேலே ஏறி இறங்கும்போதும் விமானத்தின் உடம்பு கொஞ்சம் உப்பி, கொஞ்சம் சுருங்கி... கடைசியில் தாங்கலை.

நம்ம உடம்பில் கணையம் அப்படித்தான். பருப்பு, காய் துணையில்லாமல் வெள்ளைச் சோறு மட்டும் நிறைய உள்ளே போனால், அது சீக்கிரமே சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும். அதை இறக்கக் கணையம் இன்சுலினைக் கொட்டணும். ஒரு நாள் என்றால் அதுக்கு ஜுஜுபி. தினம் மூணு வேளை, இருபது வருஷம்? செல்கள் இன்சுலின் பேச்சைக் கேட்காமல் போகும், கணையமும் ஓய்ந்துபோகும். சர்க்கரை ஏறி நின்னாலும் வலிக்காது. அதனால்தான் நம்ம வீட்டுப் பெண்கள் 'அலுப்பு'ன்னு சொல்லி அடுத்த வேனில் ஏறிடுறாங்க.

'நர்ஸுகள் அமெரிக்கா, நாம சிவகாசி. பொருந்துமா?' என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. அதுக்கும் பதில் இருக்கு. இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,32,373 பேரைச் சராசரியா ஒன்பதரை வருடம் கவனிச்ச ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. சமைத்த வெள்ளைச் சோறு தினம் 450 கிராமுக்கு மேல் சாப்பிட்டவர்களையும் 150 கிராமுக்குக் கீழே சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டாங்க. எல்லா நாடுகளையும் சேர்த்தால் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு சுகர் அபாயம் 20 சதவிகிதம் கூடுதல். தெற்காசியாவில் மட்டும் பார்த்தால்? 61 சதவிகிதம்! 450 கிராம் என்பது ஏதோ மலை மாதிரி இல்லைங்க. மூணு கப் சோறு. எங்க அம்மா டப்பாவிலேயே அது முடிஞ்சிடும்.

அப்பத்தா தட்டு

உடனே, 'அந்தக் காலத்துல கம்பு, கேழ்வரகு சாப்பிட்டாங்க, நோயே இல்லை'ன்னு ஒரு டயலாக் வருமே! எங்க வீட்டிலும் வந்தது. நேரா அப்பத்தாவிடமே கேட்டுட்டேன்.

இது கரிசல் பூமி. மழையை நம்பின மானாவாரிக் காடு. கம்பு, சோளம், குதிரைவாலி, கூடவே துவரை, தட்டாம்பயறு, மொச்சை. நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல், கல்யாண வீடு. ''நெல்லுச்சோறு பொங்குதாகன்னா தெருவே மணக்கும்''னு அப்பத்தா சொல்றப்போ இப்பவும் கண்ணு மின்னுது. ஆனால், அடுத்த வரி: ''அந்தக் கம்மங்கஞ்சியும் பாதி நா கெடைக்காது தாயி.''

மழை பொய்த்த அந்த வறட்சிதான் இந்த ஊருக்குத் தீப்பெட்டியையும் கொண்டுவந்தது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தாங்க. காய்ந்த காற்று, காட்டு வேலை இல்லாத கைகள். தீப்பெட்டி வந்தது, பின்னாலேயே பட்டாசு வந்தது. கூலி வந்தது. அப்புறம் ரேஷன் அரிசி. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். பசி போச்சு. இது சின்ன விஷயமே இல்லை. ரேஷன் அரிசியைக் கிண்டல் பண்றவங்க ஒரு நாள் அப்பத்தாவோட உட்கார்ந்து பேசணும்.

ஆனால், தீபாவளிக்கு மட்டும் வந்த சோறு தினம் மூணு வேளை வந்தபோது, தட்டில் இருந்த பயறும் கீரையும் மெல்ல நகர்ந்து போயிடுச்சு. அப்பத்தா காட்டில் குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சாங்க. அம்மா எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து அடுக்குறாங்க. அலுப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான். உடம்பு செலவழிக்கிற கணக்குதான் வேற.

அப்போ எல்லாரும் கம்புக்கு மாறிட்டா சரியாயிடுமா? அங்கேயும் ஒரு ட்விஸ்ட்! சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுக் கணக்கு 2025-ல் வெளிவந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவிகிதம் மாவுச்சத்து. அரிசியை எடுத்துட்டு அதே அளவு கோதுமையோ சிறுதானியமோ வைக்கிறதால் மட்டும் அபாயம் குறையவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவைக் கொஞ்சம் குறைச்சு, அந்த இடத்தில் பருப்பு, பால் வகைப் புரதம் வந்தால்தான் குறையுது. ஆக, தானியம் எதுன்னு சண்டை போடுறதைவிட முக்கியம், அதுக்குப் பக்கத்தில் என்ன இருக்கு என்பது.

ஒல்லி என்றால் தப்பிச்சோமா?

'சுகர் குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே வரும்?' இது எங்க தெருவே கேட்ட கேள்வி.

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு குறும்பான போட்டோ வந்தது. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு டாக்டர்கள். ஒருவர் இங்கிலாந்தின் யுட்கின், இன்னொருவர் நம்ம புனேயின் யாஜ்னிக். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதமான பி.எம்.ஐ. ரெண்டு பேருக்கும் ஒண்ணே ஒண்ணு: 22.3. ஆனால், உடம்பில் கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதம்! வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்ம ஊர் உடம்பு அப்படி. அம்மா வயிற்றில் இருக்கும்போதே சத்துக் குறைச்சலாக வளர்ந்த குழந்தை, கிடைச்சதைச் சேமிச்சு வைக்கப் பழகிய உடம்போடு பிறக்குது என்பது இந்தத் துறை ஆராய்ச்சியாளர்கள் தரும் விளக்கம். அந்தத் தலைமுறையின் அரைவயிற்றுக் கஞ்சிக்கும் அம்மாவின் 248-க்கும் ஒரு நூல் ஓடுது, கவனிச்சீங்களா?

அதனால் எடை மெஷினை மட்டும் நம்பாதீங்க. ஒரு இஞ்ச் டேப் போதும். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் உஷார்.

இன்னொரு வினோதம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேருக்கு எடை அதிகம். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9-தான். அதே வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. வயிறு நிறையுது, சத்து சேரலை! 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 20.7 சதவிகிதம் பேருக்கு சுகர் அதிகம், அல்லது அதற்கு மாத்திரை சாப்பிடுறாங்க. ஐந்தில் ஒருத்தர். உங்க கிளாஸ்ல இருக்கிறவங்களோட அம்மாக்களை ஐந்து ஐந்து பேராக நிறுத்திப் பாருங்க.

பெண்களுக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்தும் இருக்கு. பொதுவாக மாதவிடாய் நிற்கும்வரை மாரடைப்பு விஷயத்தில் பெண்களுக்கு இயற்கையே ஒரு பாதுகாப்புத் தருது. சுகர் வந்துவிட்டால் அந்தச் சலுகை பெருமளவு கேன்சல்!

அட, இது நம்ம தாள்!

இந்த இடம் வரைக்கும், 'பாவம் அம்மா'ன்னு உச் கொட்டிக்கிட்டே எழுதினேன். காலேஜ் திரும்பினதும் ஒரு ஆர்வக்கோளாறில் என் ஏழு நாளையும் எழுதினேன்.

காலை சாப்பாடு: ஏழில் நாலு நாள் கட். (எட்டே காலுக்கு பஸ், எட்டு மணிக்கு எழுந்தா எப்படி?) மதியம் ஹாஸ்டல் சோறு. சாயங்காலம் கேன்டீன் பப்ஸ், டீ. ராத்திரி நூடுல்ஸ் அல்லது பரோட்டா, சால்னா. கீரை பூஜ்யம். பழம், பக்கத்து ரூம் பொண்ணு கொடுத்த பாதிக் கொய்யா.

அம்மாவுக்கு வேனும் வறுமையும் காரணம். எனக்கு? மொபைலும் சோம்பேறித்தனமும்! ஆனால் கூட்டல் கணக்குப் போட்டால் ரெண்டு தாளும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு.

தோழிகளே, இது முக்கியமா உங்களுக்கு. கர்ப்ப காலத்தில் மட்டும் வந்து போகிற சுகர் ஒன்று உண்டு. 'பிரசவத்தோட போயிடுச்சு'ன்னு நிம்மதியா இருப்பாங்க. ஆனால், அப்படி வந்த பெண்களுக்குப் பின்னாளில் நிரந்தர சுகர் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று 2009-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்லுது. அதனால் பிரசவத்துக்கு அப்புறமும் செக்கப்பை விடக்கூடாது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் இதில் பங்கு உண்டு. தலைமுறை தலைமுறையா வந்த நூலின் அடுத்த முனை அது.

ஃபேட்டிக் கணக்கில், சுமை ஏத்த ஆரம்பிக்கிற நாள்தான் முதல் நாள். நமக்கு அது இப்போ. நாற்பதில் வரும் நம்பரை இருபதில் எழுத ஆரம்பிக்கிறோம்.

எங்க வீட்ல என்ன மாத்தினோம்?

ஓட்ஸ், ஆலிவ் ஆயில், கினோவா... இதெல்லாம் எங்க தெரு அண்ணாச்சி கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. அதனால் இருக்கிறதை வெச்சே பண்ணினோம்.

முதல் வேலை, மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்ததை நிறுத்தாமல் சாப்பிடணும். இப்போ அது வீட்டுக்கே வருது. சாப்பாடு மாத்துறோம்னு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, ப்ளீஸ்!

அடுத்து, டப்பாவில் சோற்றின் இடம் பாதியானது. மீதியில் தட்டாம்பயறு அல்லது கடலைச் சுண்டல், முருங்கைக்கீரை அல்லது ஏதாவது ஒரு காய். முருங்கை கொல்லையில் சும்மாதான் நிக்குது. பருப்பு ரேஷனில் வருது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்லுது: தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவிகிதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். இந்தியாவின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவிகிதம் சரியில்லாத உணவோடு தொடர்புடையது என்பதும் அந்த வழிகாட்டியில் இருக்கு.

டீயில் சர்க்கரை ரெண்டு ஸ்பூனிலிருந்து அரைக்கு வந்து, இப்போ இல்லவே இல்லை. முதல் வாரம் அம்மா என்னோட பேசவே இல்லை! சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கிடையாது. டீ, உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க விடாது. ரத்தசோகைக்கு இதுவும் ஒரு காரணம்.

காலையில் வேனுக்கு முன்னால் அம்மா சாப்பிட்டாகணும். அதுக்காகத் தண்ணி பிடிக்கிறது தம்பி வேலையானது. ராத்திரி எட்டரைக்கு நாலு தட்டு ஒண்ணா வைக்கிறோம். இது சொல்ல ஈஸி, செய்யத்தான் கஷ்டம். 'நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்...' என்கிற வார்த்தை அம்மா வாயில் ஊறிப்போனது. அப்பா முதல் நாள், ''நீ உட்காரு, அப்பத்தான் நானும் கைய வைப்பேன்''னு சொன்னார். அம்மா வெட்கப்பட்டுக்கிட்டே உட்கார்ந்தாங்க. கூடவே சாப்பிட்டப்போதான் எல்லாருக்கும் தெரிஞ்சது, குழம்பில் காய் நாலு பேருக்குப் பத்தலை என்று. இத்தனை வருஷமா பத்தின மாதிரியே இருந்ததே, எப்படி?

முட்டை? நாலு பேருக்கு நாலு. அம்மா தன்னுடையதைப் பாதி வெட்டித் தம்பி தட்டில் போட, அவன் திருப்பி அவங்க தட்டில் போட... இன்னமும் தினமும் நடக்கிற சண்டை இது!

ஆயுதபூஜை லீவுக்குப் போனேன். வெறும் வயிற்று சுகர் 128. மாத்திரை தொடருது. ஜெயிச்சுட்டோம்னு சொல்ல மாட்டேன். இது மாரத்தான். ஆனால், மூச்சு பிடிபட்டிருக்கு.

பர்ஸில் இருக்க வேண்டிய நம்பர்கள்

* வெறும் வயிற்று சுகர்: 100-க்குக் கீழே நல்லது. 126-ம் அதற்கு மேலும் என்றால் சுகர். நடுவில் என்றால் எச்சரிக்கை மணி.
* மூன்று மாதச் சராசரி சுகர்: 5.7-க்குக் கீழே நல்லது. 6.5-ம் மேலேயும் சுகர்.
* பிரஷர்: 140/90-ஐத் தொட்டால் டாக்டரைப் பாருங்க.
* ஹீமோகுளோபின்: கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை.
* பெண்களின் இடுப்பு: 80 சென்டிமீட்டருக்குள்.
* உப்பு: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. ஊறுகாய், அப்பளம், காரச்சேவு எல்லாம் சேர்த்துத்தான்!

படிக்கிற பிள்ளை பசியோடு உட்காரக் கூடாதுன்னு 1950-களிலேயே மதிய உணவுக்கு வழி பண்ணினவர் எங்க விருதுநகர்க்காரர், காமராஜர். பிள்ளைங்க தட்டை அரசாங்கம் பார்த்துக்கிச்சு. அம்மா தட்டைப் பார்க்கிறது நம்ம டிபார்ட்மென்ட்.

இந்தப் பக்கத்தை மூடிட்டு ஒரு போன் போடுங்க. 'சாப்டியா?'ன்னு தினமும் அவங்கதானே கேட்கிறாங்க? இன்னைக்கு நீங்க கேளுங்க. 'சாப்ட்டேன்'னு ஒரே வார்த்தையில் முடிச்சுடுவாங்க. விடாதீங்க.

''என்ன சாப்பிட்டே? எத்தனை மணிக்கு? உனக்கு முட்டை இருந்துச்சா?''